பெல்ட் மூடியும் பதினொரு முட்டையும்

அத்தியாயம் 14

ராஜேஸ்வரியின் இடுப்பில் தொங்கும் மில் சாவிக்கு இன்று சாயங்காலம் ஆறு மணி வரைதான் ஆயுசு என்று ஜமுனாமரத்தூர் டீக்கடை முழுக்கப் பேச்சு. ஐந்தரைக்கே முடிந்துவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் அத்தனை பேரும் அவளுடைய கொழுந்தன் புருஷோத்தமன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

போன புதன்கிழமை நடந்ததைத்தான் மலையே பேசுகிறதே. தாண்டவராயன் சாமை மில்லில் பாஞ்சாலையின் முந்தானை ஓடுகிற பெல்ட்டில் சிக்கி, அவளை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. ராஜேஸ்வரியின் வீட்டுக்காரன் இளவழகன் நாலு மூட்டை தாண்டிக் குதித்து மெயின் சுவிட்சை அணைத்தான். முழங்கையில் ஏழு தையலோடு பாஞ்சாலை பிழைத்தாள். மறுநாள் எட்டுப் பெண்களில் ஒருத்திகூட வேலைக்கு வரவில்லை.

மில்லில் உமி எடுக்காத சாமை முப்பது மூட்டை. ஏற்றிப்போக லாரி திங்கள்கிழமை ஆறு மணிக்கு வரும். "என் கையில குடுங்கப்பா, ஓட்டிக் காட்டறேன்" என்று புருஷோத்தமன் நெஞ்சை நிமிர்த்த, "ஏற்கெனவே என் கையிலதான இருக்கு மாமா" என்று ராஜேஸ்வரி சொல்ல, மாமனார் தாண்டவராயன் தீர்ப்பு சொன்னார். திங்கள் ஆறு மணிக்குள் முப்பது மூட்டையும் அரிசியானால் சாவி மருமகளுக்கு. இல்லாவிட்டால் சின்ன மகனுக்கு.

இதோ, திங்கள்கிழமை விடிந்துவிட்டது.

ஏழு மணிக்கு ராஜேஸ்வரி ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே மெஷின் இருந்தது, மூட்டைகள் இருந்தன, போன புதன்கிழமையின் தூசு இருந்தது. ஆட்கள்தான் இல்லை.

"இன்னா அண்ணி, மில்லு தொறந்தாச்சு, ஆளுங்க எங்க?" புருஷோத்தமன் ரோஜா நிறச் சட்டையில் வாசலில் சாய்ந்து நின்றான். அவனிடம் இருக்கிற சட்டைகளின் நிறத்தை எழுதினால் இந்த வாரப் பக்கம் பத்தாது. "சாமை தானா உமி உரிச்சுக்கும்னு சொல்லிட்டீங்களா?"

"வருவாங்க தம்பி."

"எதுக்கும் இருக்கட்டும்னு செங்கத்துல எட்டு பேருக்குச் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு மணிக்கு வேன் வந்துடும்."

ராஜேஸ்வரி மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். செங்கத்து ஆட்கள் வந்து மெஷின் முன்னால் நின்றால், இந்த எட்டுப் பேரும் இனி இந்தப் படி மிதிக்க மாட்டார்கள். மெஷின் மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த முந்தானைக்குக் காத்துக்கொண்டு இருக்கும்.

அவளுக்கு ராத்திரி தூக்கம் போய் ஐந்து நாளாயிற்று. காரணம் சாவி என்று ஊர் நினைத்தது. ஊருக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. அதற்கு வருவோம்.

ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். கையில் கட்டோடு பாஞ்சாலையும் வந்தாள். ஆனால் மில்லுக்குள் வரவில்லை. எதிரே இருந்த பலாமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள், கூத்து பார்க்க வந்தவர்கள் மாதிரி. நடுவில் கெங்கம்மாள். மில் ஆரம்பித்த வருஷத்திலிருந்து வேலை செய்கிறவள். மெஷினுக்கு வயசு அவள் வயசில் பாதி, திமிரில் ரெண்டு பேரும் சமம்.

"உள்ள வா கெங்கம்மா."

"பாக்கறோம் தாயி. பாத்துட்டுச் சொல்றோம்" என்று வெற்றிலையை மடித்தாள் கெங்கம்மாள்.

அந்த நேரம் பார்த்து வாணியம்பாடியிலிருந்து அப்துல் கய்யூம் பாய் பைக்கில் வந்து இறங்கினார். பைக்கின் இரண்டு பக்கமும் தகரக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தோல் பதனிடும் ஷாப்புகளில் மெஷின் மாட்டியே தலை நரைத்த ஃபிட்டர். சனிக்கிழமை ராஜேஸ்வரி போனில் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஏம்மா, அந்த பெல்ட்டுக்கு ஒரு மூடி இருக்குமே, அது எங்க?"

இப்போது உள்ளே வந்து, பெல்ட்டைச் சுற்றி நடந்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை என்றால் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். மோட்டார் மேல் வைத்தால் போதாது. ஓடுகிற சக்கரத்திற்கே வைத்தால்தான் சாமி ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கிற இரும்பு வலை மூடியைக் கழற்ற வேண்டும். வருஷா வருஷம் கழற்றுவார்கள், மறுநாள் மாட்டுவார்கள். போன ஆயுத பூஜைக்குப் புருஷோத்தமன் கழற்றினான். பொட்டு வைத்து, மாலை போட்டு, தன்னையும் மெஷினையும் சேர்த்து ஏழு போட்டோ எடுத்தான். அப்புறம் பொங்கல் வந்தது, மாசி மாசமும் வந்தது. மூடி மட்டும் திரும்பி வரவில்லை.

"அது... மெஷினுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு..." என்றான் புருஷோத்தமன்.

"இப்ப யாருக்குக் காத்தோட்டமா இருக்குது?" என்றாள் ராஜேஸ்வரி.

பலாமரத்தடியிலிருந்து பாஞ்சாலை நல்ல கையை நீட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தைக் காட்டினாள். மில்லில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் தெரியும். மில்லை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியாது.

கொல்லையில் அந்த மூடி கம்பீரமாகக் கவிழ்ந்திருந்தது. உள்ளே மாமியார் அம்சவேணியின் சிவப்புக் கோழி பதினொரு முட்டை மேல் உட்கார்ந்து உலகத்தையே முறைத்துக்கொண்டிருந்தது.

"அத்தை, அந்த மூடி மில்லுக்கு வேணும்."

"எடுத்துக்கோ. நாளன்னிக்கு."

"இன்னிக்கே வேணும் அத்தை."

"அடை வச்சு பத்தொம்போது நாளாவுது! ரெண்டே நாள்ல குஞ்சு வந்துடும். போன தபா பஞ்சாரத்துல வச்சேன், கீரி வந்து பூந்து வாரிக்கினு போச்சு. இரும்பு வலைன்னாதான் கீரிக்குப் பயம்." அம்சவேணி கோழிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "என் கோழிக்கு ஒரு பாதுகாப்பு வேணாமா?"

பலாமரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெங்கம்மாள் மடித்த வெற்றிலையை வாய்க்குப் போகும் வழியிலேயே நிறுத்திவிட்டாள்.

அம்சவேணிக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. பாஞ்சாலையின் கட்டைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். விரித்த கை மெல்ல இறங்கியது.

ராஜேஸ்வரி நேராக வீட்டுக்குள் போனாள். கல்யாணத்துக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த, பன்னிரண்டு வருஷமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த நீல பிளாஸ்டிக் துணிக்கூடையோடு வந்தாள். கோழி மேல் கூடையைக் கவிழ்த்தாள். மேலே ஒரு அம்மிக்குழவி, சுற்றிலும் நாலு செங்கல்.

"கீரி இல்ல அத்தை, சிறுத்தையே வந்தாலும் தூக்க முடியாது."

கோழி கூடை ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்தது. பரவாயில்லை என்று மறுபடி உட்கார்ந்தது.

மூடியைத் தேய்த்துக் கழுவி கய்யூம் பாய் மாட்டும்போது பத்தரை. நட்டு முடுக்கிவிட்டு, "இனிமே பொட்டு வைக்கணும்னா மூடிக்கே வச்சுக்கோங்க. சாமி கோச்சுக்காது" என்றார். புருஷோத்தமன் மணியைப் பார்த்தான். "ஒரு மூட்டைகூட ஓடல அண்ணி" என்று அன்போடு ஞாபகப்படுத்தினான்.

அடுத்து தூசு.

இதில்தான் இந்தக் குடும்பத்தின் சாமர்த்தியமே இருக்கிறது. இரண்டு மாசமாகப் பெண்கள் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி தினம் ஒரு சொம்பு கஷாயம் போட்டுக்கொடுத்தாள். புருஷோத்தமன் ‘ஜாக்கிரதையாக வேலை செய்யவும்’ என்று போர்டு எழுதி மாட்டினான். இளவழகன் காற்று வரட்டும் என்று ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டான். ஆஸ்பத்திரி நர்ஸம்மா பாட்டில் பாட்டிலாக மருந்து கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் அக்கறைதான். இருமல் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

கய்யூம் பாய் மெஷினிலிருந்து வெளியே போகும் தூசுக் குழாயைத் தட்டிப்பார்த்தார். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் தொப்பென்று கேட்டது. வெளியே போய், குழாய் வாயில் கையை விட்டு, எதையோ பிடித்து இழுத்தார்.

துணி வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. மோடி வித்தைக்காரன் வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. கிளிப்பச்சை. மாங்காய் பார்டர். ஆறு கஜமும் வெளியே வந்து தரையில் விழுந்தபோது பலாமரத்தடியில் எட்டுக் கழுத்தும் நீண்டிருந்தன.

மூன்று தீபாவளிக்கு முன்னால் அம்சவேணி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்த சேலை. இந்த ஊரில் அதைத் தெரியாத கண் கிடையாது.

"யாரு சேலைப்பா இது?" என்று புருஷோத்தமன் ஆரம்பித்து, அம்மா முகத்தைப் பார்த்து, இருமல் வந்தவன் போல வாயைப் பொத்திக்கொண்டான்.

"யாருதுன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றாள் ராஜேஸ்வரி. குரலை உயர்த்தித்தான் சொன்னாள், மரத்தடிக்கும் கேட்கட்டும் என்று. "இன்னிக்கு முழுக்க ஒரே சட்டம். யாரு பண்ணாங்கன்னு கேக்க மாட்டேன். எப்படி ஆச்சுன்னு மட்டும்தான் கேப்பேன். சொல்றவங்களைத் திட்டவும் மாட்டேன், வேலையை விட்டு நிறுத்தவும் மாட்டேன். எப்படி ஆச்சு இது?"

கொஞ்ச நேரம் கோழி மட்டும்தான் பேசியது.

"வடாம் காயப் போட்டேன்" என்றாள் அம்சவேணி கடைசியில். "மூணு தபா. மூணு தபாவும் ஒரு விரக்கடை உமி. துணி துவைச்சுப் போட்டா உமி. இந்தக் குழாய் நேரா என் கொடி மேலதான ஊதுது? இவன்கிட்ட சொன்னேன், அவன்கிட்ட சொன்னேன், ஒருத்தனும் காதுல வாங்கல. நானே அடைச்சேன்."

"வெளிய போவ வேண்டிய தூசு உள்ளயே நின்னுச்சு" என்றார் கய்யூம் பாய்.

"அதான் இருமல்" என்றான் இளவழகன். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க ஜன்னலைத் தொறந்தீங்க, காத்து குபுகுபுன்னு வந்து முந்தானையைத் தூக்குச்சு" என்றாள் ராஜேஸ்வரி. "பெல்ட்டுக்கு மூடி இல்ல. சுவிட்சுக்கு முன்னால மூட்டை." நிறுத்தினாள். பாஞ்சாலை பக்கம் திரும்பினாள். ஐந்து நாளாகத் தூங்கவிடாத வார்த்தை அங்கேதான் நின்றது.

"பாஞ்சாலை, தூசு தாங்கலக்கான்னு நீ வந்து சொன்னப்போ, முந்தானையைச் சுத்தி மூக்கு மேல கட்டிக்கோன்னு சொன்னது யாரு?"

பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். "பரவால்லக்கா."

"நான்தான் சொன்னேன். அந்த முந்தானைதான் அவுந்து பெல்ட்டுக்குப் போச்சு. இருமலுக்கு நான் சொன்ன வைத்தியம், ஏழு தையல்ல வந்து நின்னுச்சு."

ஒரு பக்கம் இருமல், இன்னொரு பக்கம் காயம் என்று இவர்கள் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிப்பச்சைச் சேலையின் ஒரு நுனி குழாயில் ஆரம்பித்து, மறுநுனி பாஞ்சாலையின் முழங்கையில் முடிந்திருந்தது. இடையில் வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும் அவரவர் பங்குக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார்கள். அத்தனையும் நல்ல மனசோடு போட்ட முடிச்சு.

ராஜேஸ்வரி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து, பிள்ளையின் புது நோட்டு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். முதல் பக்கத்தில் தன் தப்பை எழுதினாள். பேனாவை மரத்தடிக்கு நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் மெஷினைப் பத்தி எங்களைவிட நல்லாத் தெரியும். எங்கெங்க தப்பிச்சீங்க, எது பயமா இருக்குது, சொல்லுங்க. நான் எழுதறேன்."

எட்டுப் பேரும் மண்ணைக் கிளறினார்கள். முதலாளி வீட்டு ஆள் பேனாவோடு கேட்டால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? மணி பதினொன்றரை. புருஷோத்தமன் வேன் டிரைவருக்குப் போன் போட்டு, "சீக்கிரம் கெளம்பச் சொல்லு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்.

அப்போதுதான் வீட்டிலிருந்து தாண்டவராயன் இறங்கி வந்தார்.

பெரியவருக்கு இடதுகை மோதிர விரல் பாதிதான் இருக்கும். மாடு விடுகிற திருவிழாவில் கயிறு சுற்றிப் போனது என்பது ஊரறிந்த கதை. முதலில் அது சாதாரண மாடாக இருந்தது. வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, போன திருவிழாவின்போது ஏறக்குறைய யானை அளவுக்கு வந்திருந்தது.

அவர் நோட்டின் முன்னால் வந்து நின்றார். பாதி விரலைத் தூக்கிக் காட்டினார்.

"எழுதும்மா. மாடும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த பெல்ட்டுதான்."

"மாமா!"

"மில்லு வச்ச ரெண்டாவது வருஷம். பெல்ட்டுல உமி சிக்கிக்கிச்சு. நிறுத்திட்டுத் தட்டி இருக்கணும். ஓடும்போதே கையை வச்சேன். வெளிய தெரிஞ்சா எவனும் வேலைக்கு வரமாட்டான்னு மாட்டு மேல பழியைப் போட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் அந்த மூடியே செஞ்சு போட்டேன்." சின்ன மகனைப் பார்த்தார். "எதுக்காக இருக்குதுன்னு உங்கிட்ட சொல்லல. சொல்லி இருந்தா நீ கழட்டி வச்சிருப்பியா?"

புருஷோத்தமனின் ரோஜா நிறச் சட்டை அவன் முகத்துக்கும் பரவியது.

கெங்கம்மாள் எழுந்து நின்றாள். பெரியவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, எதனாலோ, அம்சவேணியையும் ஒரு பார்வை பார்த்தாள். அம்சவேணி சேலையை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"சரி, எழுது தாயி" என்று கெங்கம்மாள் மில்லுக்குள் காலை வைத்தாள். "மொத விஷயம், மூட்டை. நூறு படி சாமையைத் தூக்கினு அந்த ஒடிஞ்ச படியில ஏறச் சொல்றீங்க பாரு, என் இடுப்பு கதறுது. அரை மூட்டையாக் கட்டினா இன்னா, கல்யாணம் நின்னுடுமா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"சலிக்கிற மேடை எங்களுக்கு மார் உசரத்துக்குக் கீது. ஆம்பளைங்க உசரத்துக்குக் கட்டினது."

"சத்தத்துல காது அடைச்சுக்கிது. வூட்டுக்குப் போனா புருசன் கூப்பிடறதே கேக்கல."

"அது நல்லதுதானடி!"

"தண்ணிப் பானை தூசுக்குள்ளயே கீது. குடிக்கிறது தண்ணியா கஞ்சியான்னு தெரியல."

"அந்த சுவிட்சு! மொதல்ல அந்த சுவிட்சுக்கு முன்னால இருக்கற மூட்டையை எடுங்க!"

ராஜேஸ்வரி எழுதிக்கொண்டே போனாள். நாலு பக்கம். எழுத எழுத இளவழகன் மூட்டைகளை இழுத்துச் சுவிட்சுக்கு வழி விட்டான். தாண்டவராயன் ஒடிந்த படிக்கடியில் கல் வைத்தார். கய்யூம் பாய் குழாயை வளைத்து, கொடிக்கும் வடாத்துக்கும் எட்டாத பக்கமாகத் திருப்பி, நுனியில் ஒரு பெரிய துணிப்பையைக் கட்டினார். உமி பைக்குள் போகும். வடாத்துக்கும் மோட்சம், நுரையீரலுக்கும் மோட்சம்.

"முந்தானைக்கு இன்னா பண்றது?" என்றாள் பாஞ்சாலை. "நூறு நாள் வேலைக்குப் போறப்ப மேல ஆம்பளை சட்டை போட்டுக்குவோம். எதுவும் தொங்காது."

"எட்டு சட்டைக்கு எங்க போறது இப்ப?" என்றாள் ராஜேஸ்வரி.

அம்சவேணி மடித்த சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கை நிறையச் சட்டை. ஊதா, மஞ்சள், மயில் கழுத்து, கட்டம் போட்டது, பூப் போட்டது.

"யம்மா! அது என்னோடது!"

"பீரோ மூட முடியலடா. ஒண்ணுகூட நாலு தபாவுக்கு மேல போட்டதில்ல." அம்சவேணி பங்கு போட ஆரம்பித்தாள். "கெங்கம்மா, உனக்கு மஞ்சள் எடுப்பா இருக்கும்."

பன்னிரண்டே காலுக்கு மெஷின் ஓடியது.

இதுவரை இந்த மில் பார்க்காத காட்சி அது. பெல்ட் மூடிக்குள் சமர்த்தாகச் சுற்றியது. புருஷோத்தமனின் சட்டைகளில், முகத்தில் கய்யூம் பாய் கொண்டுவந்த மூக்குக் கவசத்தோடு, ஏழு பெண்கள் அரை மூட்டை அரை மூட்டையாகத் தூக்கிக் கொட்டினார்கள். காயம்பட்ட பாஞ்சாலை ஒரு ஸ்டூல் போட்டு மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிறுத்து என்று யார் கையைத் தூக்கினாலும் அணைக்க வேண்டியது அவள் பொறுப்பு. தூசு இல்லாததால் எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் இருப்பது தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின காலண்டர்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ராஜேஸ்வரி பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். தண்ணீர், கைகால் நீட்டல், கொஞ்சம் வம்பு.

"நிறுத்தி நிறுத்தி ஓட்டினா முப்பது எங்கருந்து வரும்?" என்று பொருமினான் புருஷோத்தமன்.

ஆனால் இருமலுக்கு யாரும் வெளியே ஓடவில்லை. கண்ணைக் கசக்க யாரும் நிற்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் உட்காரவில்லை. இரண்டு மணிக்கு எட்டு மூட்டை. அதே நேரம் செங்கத்து வேன் வந்து நின்றது.

புருஷோத்தமன் வேனைப் பார்த்தான். உள்ளே பார்த்தான். தன்னுடைய மயில் கழுத்துச் சட்டையில் ஒருத்தி, அவன் ஜென்மத்தில் செய்யாத அளவுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"திரும்பிப் போகச் சொல்லட்டுமாண்ணி?"

"டீ குடிக்க வச்சு அனுப்புங்க தம்பி. பாவம், மலை ஏறி வந்திருக்காங்க."

மூன்றரைக்குப் பதினாறு. நான்கரைக்கு இருபத்திரண்டு. நாலே முக்காலுக்குப் பாஞ்சாலை சட்டென்று சுவிட்சை அணைத்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சல்லடைப் பக்கம் ஒரு நட்டு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்காததை அவள் கவனித்திருந்தாள். கய்யூம் பாய் மூன்று நிமிஷத்தில் முடுக்கினார்.

"பறந்து வந்திருந்தா யாரு மூஞ்சியிலயோ போயிருக்கும்" என்றார். பாஞ்சாலை நோட்டை எடுத்து, இடதுகையாலேயே கோணல் மாணலாக அதை எழுதினாள்.

அதற்குப் பிறகு புருஷோத்தமனால் நிற்க முடியவில்லை. ரோஜா நிறச் சட்டையின் கையை மடித்துவிட்டு மூட்டை தூக்க வந்தான். "அரை மூட்டைதான் தம்பி! நோட்டைப் படிக்கலியா?" என்று ஏழு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். பாதியைக் கொட்டிவிட்டுத் தூக்கினான்.

ஐந்து நாற்பதுக்கு லாரி ஹாரன் கேட்டது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு இளவழகன் முப்பதாவது மூட்டையின் வாயைத் தைத்து முடித்தான். கெங்கம்மாள் ஒரு குலவை போட்டாள் பாருங்கள், டீக்கடையில் ஐந்தரை என்று சொன்னவர்களின் கையில் டம்ளர் ஆடியிருக்கும். அம்சவேணி எல்லாருக்கும் கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். தொட்டுக்கொள்ள, குழாய் ஊதியும் உமி விழாமல் அன்றைக்குக் காய்ந்த வடாம்.

தாண்டவராயன் மருமகள் பக்கம் வந்தார். இடுப்பில் இருந்த சாவியை அவர் கேட்கவில்லை. தன் மடியிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அதோடு கோத்தார். அவரிடம் எப்போதும் இருந்த மாற்றுச் சாவி.

"இனிமே ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும்மா. எனக்கு எதுக்கு?"

ராஜேஸ்வரிக்குக் கண் நிறைந்தது. தூசு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால், தூசும் இல்லை. பலாமரத்தடியில் பாஞ்சாலை நல்ல கையால் அவள் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். ஐந்து நாள் தூக்கம் அந்த ஒரு தட்டில் திரும்பி வந்துவிட்டது.

எல்லாரும் கிளம்பினார்கள். கெங்கம்மாள் மட்டும் கிளம்பவில்லை. மஞ்சள் சட்டையை மடித்து மெஷின் மேல் வைத்தாள். நோட்டின் முன்னால் வந்து நின்று, முதல் பக்கத்தில் பெரியவர் சொன்ன இடத்தில் விரலை வைத்தாள்.

"இது பாதிதான் தாயி."

"எது?"

"அய்யா சொன்னாரே, ரெண்டாவது வருஷம். அன்னிக்கு இந்த பெல்ட்டுல கை குடுத்தது ரெண்டு பேரு. அய்யாவுக்கு விரலோட போச்சு."

கூழ்ச் சொம்போடு வந்த அம்சவேணி வாசலிலேயே நின்றுவிட்டாள். சொம்பு சாய்ந்து கூழ் காலில் வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

"கெங்கம்மா. அத மட்டும் விட்டுடு."

தாண்டவராயன் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி விரல் இருந்த கை மட்டும் மெல்ல மூடிக்கொண்டது.

யாரு அந்த இன்னொருத்தர் என்று ராஜேஸ்வரிக்கு நாக்கு நுனி வரை வந்தது. காலையில் இதே இடத்தில் நின்று, ஊர் கேட்கச் சட்டம் போட்டவள் அவள்தான். யார் என்று கேட்க மாட்டேன் என்று சொன்ன வாய்.

அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"எப்படி ஆச்சு கெங்கம்மா?"